லாய்டிடம் யாராவது ஜெர்மனில் பேசுங்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பெருமாள் என்கிற நண்பர் இணைய இதழ் ஒன்று நடத்துகிறார். ‘இலவச ஆப்பில் மொழி கற்பது: சாதகங்களும் பாதகங்களும்’ என்று தலைப்பையும் அவரே கொடுத்து, நடுவில் கோடு போட்ட அட்டவணை கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வாசகர்கள் இப்போதெல்லாம் அட்டவணையை மட்டும் படித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்களாம். நானும் கோடு போட்டேன். இடப்பக்கம், சாதகம்: இலவசம். வலப்பக்கம், பாதகம்: இலவசம். அதோடு வண்டி நின்றுவிட்டது.

நின்ற வண்டியைத் தள்ளிவிட்டவன் கதிர். தங்கவயலிலிருந்து நான் எப்போதாவது பெங்களூருக்குப் போகிற காலை ரயிலில் அவன் தினமும் போகிறவன். போன வெள்ளிக்கிழமை, ஆப்பில் பாஷை கற்றுக்கொள்கிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று சும்மா ஓர் உதாரணத்துக்காகத்தான் கேட்டேன். பங்காருபேட்டை வருவதற்குள் தன் சிநேகிதன் லாய்டின் கதையில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டு, “சார், எழுதுனா எழுதுங்க, அவன் பேர மட்டும் மாத்திருங்க” என்றான். மாற்றியிருக்கிறேன். கதிரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அதை அவன் கேட்கவில்லை.

2

தொடக்கம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் இல்லை. நீங்களே பாருங்கள்:

அதிகாலை இருளைக் கிழித்துக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனுக்குள் நுழைந்த ரயில்—

வேண்டாம். தமிழ்க் கதைகளில் ரயில்கள் கிழித்துக் கிழித்து இனிக் கிழிப்பதற்கு இருளே பாக்கியில்லை.

தாத்தா பாதாளத்துக்கு ஆட்களை இறக்கினார். பேரனோ வானத்தை நோக்கி—

இது பெருமாளுக்குப் பிடிக்கும். லாய்டு பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய தாத்தா இங்கே தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டை இயக்கியவர். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் குறியீடு தானாகவே எழுந்து நின்று சல்யூட் அடிக்கும். ஆனால் லாய்டு இந்த வேலைக்குப் போனதற்குத் தாத்தா காரணம் இல்லை. அவன் ஐ.டி.ஐ. முடித்த வருஷம் லிஃப்ட் கம்பெனிதான் ஆள் எடுத்தது. குறியீட்டை உட்காரச் சொல்லிவிட்டேன்.*

(* தங்கவயலைப் பற்றி எழுதிவிட்டுச் சுரங்கம், ஷிஃப்ட் சங்கு, கழிவுமண் குவிந்த சயனைடு மேடு மூன்றையும் விட்டுவிட்டால் வாசகர் கோபித்துக்கொள்வார் என்று கேள்வி. மூன்றையும் இந்த அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். லாய்டுக்கு முப்பத்து நாலு வயது. ஊரிகத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீடு. மனைவி வினோலியா ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவன் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவன். தன் வீட்டுச் சுவரின் நிறத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்த்தவன் என்று வினோலியா சொல்வாள். கிண்டலாகத்தான் சொல்வாள், ஆனால் சிரிக்கமாட்டாள்.

ஜெர்மனியில் ஒரு லிஃப்ட் கம்பெனி இங்கிருந்து மெக்கானிக்குகளை எடுக்கிறது. குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போகலாமாம். ரெண்டே நிபந்தனைகள்: வயது முப்பத்தைந்து ஆகியிருக்கக் கூடாது, பேசுகிற அளவுக்காவது ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். லாய்டுக்கு வருகிற ஜனவரியில் முப்பத்தைந்து. ஆகவே இதுதான் கடைசி வண்டி. வினோலியா அடுத்த ஜூனிலிருந்து வரமாட்டேன் என்று பள்ளியில் சொல்லியும்விட்டாள். ஆறு கடப்பதற்கு முன்னாலேயே பாலத்தை எரிக்கிற ஜாதி அவள்.

மொழியா, அது என்ன பெரிய விஷயம் என்று லாய்டு நினைத்தான். ஜெர்மன் வகுப்புகள் பெங்களூரில் சாயங்காலம் நடக்கின்றன. சாயங்காலம் அவன் ரயிலில் இருப்பான். ஆனால் போன் அவனோடு ரயிலில் இருக்கும்.

3

அந்த ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் சின்னம் ஒரு மஞ்சள் ஆட்டுக்குட்டி. பாடம் படித்தால் துள்ளும். ஒரு நாள் தவறினால் கண்ணில் தண்ணீரோடு வந்து, ‘லாய்டு, என்னை மறந்துவிட்டாயா?’ என்று கேட்கும். தொலைந்த ஆட்டை மேய்ப்பன் தேடிப் போன கதையைச் சிறுவயது முதல் மாதா கோயிலில் கேட்டு வளர்ந்தவன் லாய்டு. ஆடு மேய்ப்பனைத் தேடி வருவது அவனுக்குப் புதிது. ஆடிப்போய்விட்டான்.

சாதகங்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆட்டுக்குட்டி திட்டாது. தப்பாகச் சொன்னால் ‘பரவாயில்லை, கிட்டத்தட்ட!’ என்னும். லாய்டின் பள்ளியில் கன்னட வாத்தியார் ஒருவர் இருந்தார். கிட்டத்தட்ட என்கிற சொல்லே அவர் அகராதியில் கிடையாது. நிற்க இடமில்லாத ரயிலில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டே ஒரு பாடம் முடிக்கலாம். காசு இல்லை, பெஞ்சு இல்லை, தன்னைவிடச் சின்னப் பையன்கள் முன்னால் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. முப்பத்து நாலு வயதில் ஒருவன் மறுபடி அ, ஆ என்று ஆரம்பிக்க அது தைரியம் கொடுக்கிறது. இது பெரிய விஷயம், நான் கிண்டல் பண்ணவில்லை.

இனிப் பண்ணுகிறேன். ஆட்டுக்குட்டி சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் ‘கரடி பீர் குடிக்கிறது.’ ரெண்டாவது, ‘என் அத்தையின் குதிரை பச்சை நிறம்.’ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஜெர்மன் கிழவியிடம் இவற்றில் எதைச் சொல்லி ஆறுதல்படுத்துவது என்று லாய்டு யோசித்ததாகத் தெரியவில்லை. அவனுக்குப் பாயின்ட் ஏறிக்கொண்டிருந்தது. வாரா வாரம் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு பந்தயம். கதிரும் சேர்ந்தான். அவன் எடுத்தது நார்வே பாஷை. ஏன் என்றால், அதில் கூட்டம் குறைவாம். சுலபமாக முதல் இடம் வரலாமாம். ‘லெவல் ஒன்பது வந்துட்டேன் மச்சான்’ என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்வான். லெவல் என்றால் சுரங்கத்தின் ஆழம் என்று தெரிந்த ஊர் இது. இங்கே எண் ஏற ஏற ஆள் கீழே போவான். (சுரங்கம் இத்தோடு சரி. சத்தியமாக.)

விடாமல் படித்ததற்குப் பரிசாக ஆட்டுக்குட்டியின் கழுத்தில் ஒரு தங்க மணி விழுந்தது. ஊரில் தோண்டத் தங்கம் இல்லாமல் போன பிறகு, லாய்டின் வீட்டுக்கு வந்த தங்கம் அது ஒன்றுதான். அதையும் ஆடு போட்டுக்கொண்டது.

அந்த மணி அறுந்துவிடக் கூடாதே என்று வினோலியாவும் வேலை செய்தாள். லாய்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் வராது, வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதே கண் சொருகும். அப்படிப்பட்ட நாட்களில் அவன் போனை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுண்டுவிரலால் அன்றைய பாடத்தை அமுக்கி முடித்துவிடுவாள். பெயர் கொடுத்தவன் ஒருத்தன், ஷிஃப்ட் பார்த்தவள் ஒருத்தி. ஆட்டுக்குட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்தே துள்ளியது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. பாடத்தின் நடுவில் ஆட்டுக்குட்டி மைக்கைக் காட்டி, ‘இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்’ என்று கேட்கும். கீழே சின்ன எழுத்தில் ஒரு பொத்தான்: ‘இப்போது பேச இயலாது.’ நூறு பேர் நெருக்கியடிக்கிற பெட்டியில், பக்கத்தில் நிற்பவர் காதில் கரடியையும் பீரையும் யார் கத்துவார்கள்? லாய்டு அந்தப் பொத்தானை அமுக்குவான். ஆட்டுக்குட்டி வருத்தப்படாது, முழு மதிப்பெண் போட்டு அடுத்த பாடத்துக்குக் கூட்டிப்போகும். ஒரு முறைகூட வாயைத் திறக்காமல் லாய்டு ஜெர்மன் பாடங்களில் பாதியைத் தாண்டிவிட்டான்.

4

(இந்தப் பகுதியில் பன்மொழி அறிவு மூளைக்கு நல்லது என்று வெளிநாட்டு ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். ஆராய்ச்சி எனக்கே புரியவில்லை. நீக்கிவிட்டேன்.)

5

லாய்டை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பாஷைக்கு அவன் வறியவன் இல்லை. வீட்டில் தமிழ். காய்கறிக்காரியிடம் தெலுங்கு. கண்டக்டரிடமும் கரண்ட் ஆபீசிலும் கன்னடம். பெங்களூரில் உடன் வேலை செய்கிறவர்களோடு உருது கலந்த இந்தி. ஹாக்கி விளையாடிய நாட்களிலிருந்து இங்கிலீஷ். இவற்றில் தமிழைத் தவிர மற்ற எதையும் அவன் உட்கார்ந்து படித்துப் பழகவில்லை. செம்மண் ரோட்டில் நடந்தால் பேன்ட்டில் புழுதி ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டவை. (கன்னட வாத்தியார் சொல்லிக்கொடுத்தது எழுத்து மட்டும்தான். பேச்சு வகுப்புக்கு வெளியே, பட்டாணி விற்கிறவரிடம் வந்தது.)

ஊரே அப்படித்தான். அப்படி ஒரு ஊரில் சொல்லாமலே ஒரு முறை வந்துவிடும். யார் எந்த பாஷையில் பேச்சை எடுக்கிறாரோ அந்த பாஷையிலேயே பதில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. அவர் கன்னடத்தில் கேட்க, நாம் வேறொன்றில் பதில் சொன்னால், ‘உன் கன்னடம் லட்சணமில்லை’ என்று முகத்தில் அடிப்பதாக அர்த்தம். எதிராளிக்கு நம் பாஷை வரும் என்று தெரிந்தாலும் நாமாக மாறக் கூடாது. அவர் மாறினால் நாமும் மாறலாம். டீக்கடையில் லாய்டு மூன்று பேரோடு மூன்று பாஷையில் பேசிக்கொண்டிருப்பான். கழுத்து திரும்பும்போது பாஷையும் திரும்பும். அவனுக்கே அது தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் வீடியோவில் நேர்காணல்.

லைன் வீட்டுச் சுவர் மெல்லியது. லாய்டுக்கு ஜெர்மன் இன்டர்வியூ என்பது வரிசை முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டு டெய்சியக்கா மிக்சியை ஓட்டவில்லை, குக்கரையும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். வினோலியா யாரிடமோ ஒரு கோட்டு வாங்கிவந்து மாட்டிவிட்டாள். கை நீளம் பற்றவில்லை. கையை மேஜைக்குக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

திரையில் வந்த அம்மாள் பெயர் உர்சுலா. நரைத்த தலை, சிரித்த முகம். சில வருஷம் பெங்களூரில் வேலை பார்த்தவராம். கர்நாடகாக்காரன் என்று விண்ணப்பத்தில் பார்த்திருப்பார் போல. எடுத்த எடுப்பில் கை கூப்பி, “நமஸ்காரா. ஊட்டா ஆய்தா?” என்றார்.

சாப்பிட்டீர்களா என்று ஒரு பெரிய மனுஷி கன்னடத்தில் கேட்கிறார். லாய்டு என்ன செய்வான்? “ஆய்த்து மேடம், நிம்தாய்த்தா?” என்று திருப்பிக் கேட்டான். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். தான் குடியிருந்த தெரு, மாடிப்படியில் வந்து உட்காரும் குரங்கு, விட்டுப் பிரிய மனமில்லாத மசால் தோசை எல்லாவற்றையும் தன் ஓட்டைக் கன்னடத்தில் சொன்னார். லாய்டு அவருடைய தப்பை ஒன்றுகூடச் சுட்டாமல், வார்த்தை கிடைக்காத இடத்தில் எடுத்துக் கொடுத்து, அழகாகப் பேசிக்கொண்டு போனான். பிறகு அவர் வேலை விஷயத்துக்காக இங்கிலீஷுக்கு மாறினார். அவனும் மாறினான். கயிறு, பிரேக், கதவு சென்சார் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. நடுவில் ஒரு முறை, “ஜெர்மனுக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், உங்கள் விருப்பம்” என்று இங்கிலீஷில் சொன்னார்.

விருப்பம் என்றால்? பேச்சை எடுத்தவர் அவர். அவர் மாறட்டும் என்று லாய்டு காத்திருந்தான். அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். ரெண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்து, மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்கள்.

லாய்டு கோட்டைக் கழற்றிக்கொண்டே, “சூப்பரா போச்சு வினோ” என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். அப்போது டெய்சியக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“இன்னாடா லாய்டு, ஜெர்மன் இவ்ளோ ஈசியா? எனக்கே முழுசா புரிஞ்சிது.”

6

வினோலியாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. லாய்டுக்குச் செவ்வாய்க்கிழமை மெயில் வந்த பிறகுதான்.

மெயில் கண்ணியமாக இருந்தது. தொழிலறிவு மிக நன்று. பழகும் விதம் மிக மிக நன்று. ஆனால் விண்ணப்பதாரர் ஜெர்மன் பேசி நாங்கள் கேட்கவில்லை. ஆகவே மூன்று நிமிஷக் குரல் பதிவு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அனுப்பவும். தன்னைப் பற்றிப் பேச வேண்டும். கேள்வி கேட்க யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில், வெட்டாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும். ஜெர்மனைத் தவிர வேறு மொழி அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது.

“பயந்துட்டீங்க” என்றாள் வினோலியா.

“பயமில்ல. அவங்க கன்னடத்துல கேக்கறாங்க. நான் இன்னா, ஜெர்மன்ல பதில் சொல்லி ஷோ காட்டணுமா?”

“காட்டணும். அதுக்குத்தான கூப்ட்டாங்க.”

“பெரியவங்க அவங்க. மரியாதை இல்லியா?”

“மரியாதை இன்னாத்துக்கு அவ்ளோ சீக்கிரம் வந்துச்சு? வாயில ஜெர்மன் இல்ல. அதான் மரியாதை வந்துச்சு.” அவள் குரல் உயரவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம்கூட இல்லை. “நான் ஸ்கூல்ல சொல்லிட்டேங்க. நீங்க பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்கமாட்டேன்.”

“பயமில்லன்றேன்ல.”

எனக்கு லாய்டின் மேல் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். மரியாதையால் தோற்றான் என்று எழுதினால் ஊருக்குப் பெருமை, வாசகர் கண் கலங்குவார், பெருமாள் அதை மூன்று நாள் முகப்பில் வைப்பார். பயத்தால் தோற்றான் என்று எழுதினால் அவன் சாதாரண ஆள், உங்களைப் போல, என்னைப் போல. ரெண்டையும் எழுதிப் பார்த்தேன். ரெண்டும் கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கிறது. மரியாதை என்பது பல சமயம் பயம் குளித்துவிட்டு வந்து நிற்பதுதானே—

வேண்டாம். இந்த வாக்கியம் தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிறது.

7

கதிர் சொன்னது இவ்வளவுதான். மெயில் வந்ததையும் சண்டையையும் சொல்லிவிட்டு, “ஞாயித்துக்கிழம அனுப்பணும் சார், பாப்போம்” என்று ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிட்டான். அந்த ஞாயிறு வந்து போய்விட்டது. கதிருக்கு ஒரு போன் போட்டு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் செய்தி கிடைக்கும். எனக்கு வேண்டியது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

(அ) லாய்டு சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி செய்து, பிரமாதமாகப் பேசி அனுப்பி, குடும்பத்தோடு பனி கொட்டுகிற ஊரில் போய் இறங்குகிறான். எங்கோ ஓர் ஆட்டுக்குட்டியின் மணி ஒலிக்கிறது. இதை ஆப்காரர்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். காசு கேட்டால், கதையும் இலவசம்தானே என்பார்கள். தள்ளுபடி.

(ஆ) நீங்கள் முதலிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடம் முடித்த வினோலியாவுக்குத்தான் ஜெர்மன் வந்துவிட்டது! மன்னிக்க வேண்டும். அவள் சத்தத்தை அணைத்துவிட்டு அமுக்கியவள். பெட்டிக்குள் பெட்டி பொருத்துவதுபோல வார்த்தையின் நீளத்தைப் பார்த்துப் பொருத்தியவள். கரடிக்கும் அத்தைக்கும் ஜெர்மனில் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆனால் பாயின்ட் அவள் நாளில்தான் அதிகம் ஏறியது. ஆப்பைப் பற்றி இதைவிட வேறென்ன சொல்ல?

(இ) லாய்டு ரயில் வாசலில் நின்று, ‘எனக்கு என் தாய்மொழி போதும்’ என்று முழங்குகிறான். ஐந்து பாஷையில் சோறு சாப்பிடுகிறவன் இதைச் சொன்னால் அந்தப் பெட்டியில் இருக்கிற யாருமே நம்பமாட்டார்கள். வினோலியா கேட்டால் சோறே கிடைக்காது.

ஆக, இனி வருவது என் கைச்சரக்கு. கதிர் மேல் பழி போடாதீர்கள்.

8

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, லைன் முழுக்கத் தூங்குகிற நேரம். லாய்டு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். பதிவுப் பொத்தானை அமுக்கினான்.

“குட்டன் டாக்” என்றான்.

அதற்குப் பிறகு வரவில்லை. நிறுத்தினான். மறுபடி அமுக்கினான். மறுபடி வணக்கம் மட்டும். உள்ளே வார்த்தைகள் இருக்கின்றன, அவனுக்குத் தெரிகிறது. கரடி இருக்கிறது, குதிரை இருக்கிறது, வீடு, ரயில், நான், நீ எல்லாம் வரிசையாக நிற்கின்றன. கூப்பிட ஆளில்லை.

“யார்கிட்ட பேசறது வினோ? செம்புகிட்டயா?” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் எந்த பாஷையும் யாரோ ஒருவர் கேட்ட பிறகுதான் வாயிலிருந்து வந்திருக்கிறது. அவனிடம் இதுவரை ஒருவரும் ஜெர்மனில் பேசியதில்லை. ஆட்டுக்குட்டிகூட அமுக்கினால் போதும் என்று விட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனோடு அளந்து பேசிக்கொண்டிருந்த வினோலியா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். தன் போனில் அந்த ஆப்பை இறக்கிப் பாடங்களைத் திறந்து வைத்தாள். கேள்விக்குறி எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் கேள்வி. அவளுக்கு அவ்வளவு போதும்.

“நான் கேக்கறேன். நீங்க எனக்கு சொல்லுங்க.” பொத்தானை அவளே அமுக்கினாள்.

“வீ ஹெய்பன் சை?” என்றாள், இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டி. ஜெர்மன்காரர் கேட்டால் மயக்கம் போட்டிருப்பார். லாய்டுக்குப் புரிந்தது. உங்கள் பெயர் என்ன. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் பெயரைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

“இஷ் ஹைசே லாய்டு” என்றான். கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே.

அடுத்து கரடி பீர் குடிக்குமா என்று கேட்டாள். கரடி குடிக்காது, என் மாமனார் குடிப்பார் என்றான். தன் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் அவள் தலையாட்டினாள். உன் வீடு பெரியதா என்றாள். சின்னது, சுவர் மெல்லியது, நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் பார்க்கிறேன் என்றான். ரயில் எங்கே போகிறது என்றாள். ரயில் தினமும் இருட்டில் போகிறது, இருட்டில் வருகிறது, என் மனைவி அரைத்தூக்கத்தில் கதவு திறக்கிறாள் என்றான். வினைச்சொற்கள் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தன. கூட்டமான பெட்டியில் இடம் கிடைத்த இடத்தில் உட்காருவது குற்றமா என்ன? ஒவ்வொன்றும் வாயிலிருந்து வந்தது. அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

(இந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆட்டுக்குட்டிக்கு ஒரு மதிப்பெண். முழுசாக ஒன்று.)

அவள் அடுத்த கேள்வியைப் படித்தாள். நீங்கள் ஜெர்மன் பேசுவீர்களா?

அந்த அம்மாளோடு நான் கன்னடம் பேசினேன், ஜெர்மன் பேசவில்லை என்றான்.

வினோலியாவின் விரல் திரையில் கீழே இறங்கியது. அடுத்து இருந்தது ஒற்றை வார்த்தை. அதையும் படித்தாள்.

“வாரூம்?”

ஏன் என்று அர்த்தம். அவள் கேட்டது அவளுக்குத் தெரியாது. வரிசையில் இருந்தது, கேட்டாள்.

எதிரில் அவள் முகம். அவனுடைய பதிலுக்காக மட்டும் காத்திருக்கிற முகம். கோபம் இல்லை, ஜூன் மாதம் இல்லை, பள்ளி இல்லை.

“இஷ் ஹட்டே ஆங்ஸ்ட்” என்றான் லாய்டு. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. இப்போதும் பயமாக இருக்கிறது, அங்கே போகவும் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது என்றான். மூன்றும் சின்னச் சின்ன வாக்கியம். மூன்றிலும் தப்பில்லை.

வினோலியாவுக்கு வார்த்தை புரியவில்லை. புருஷன் முகம் புரிந்தது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் போடக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

இன்னா சொன்னீங்க இப்போ?

9

நான் இங்கே எழுந்துகொள்கிறேன்.

மூன்று நிமிஷத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அவன் ஜெர்மனில் தொடர்ந்தால் பதிவு சுத்தமாக முடியும், கெடுவுக்குள் போய்ச் சேரும், அவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. தமிழில் சொன்னால் அவளுக்குத் தெரியும், பதிவு கெடும். மறுபடி ஒரு தடவை பதிவு செய்துகொள்ளலாமே என்பீர்கள். செய்யலாம், சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. இந்த வார்த்தைகளை அவன் மறுபடி ஒரு தடவை சொல்வானா என்பது எனக்குத் தெரியாது. பயத்தை நான்தான் அவன் வாயில் வைத்தேன். எடுத்துவிடலாமா என்று ரெண்டு முறை அழித்துப் பார்த்தேன். அது இல்லாமல் கதை நிற்கவில்லை.

பெருமாளுக்கு இன்னும் அட்டவணை அனுப்பவில்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நான் விட்டுப்போகிற இடத்தில் நீங்கள் உட்காருங்கள். போன் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டது தமிழில். அவன் எந்த ஊர்க்காரன் என்று உங்களுக்குத் தெரியும், எவ்வளவு பயந்தவன் என்றும் தெரியும். எதில் பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நீங்களே சொல்லுங்கள்.